பேய் தேடிக் கொழும்புக்குப் போனேன்

அக்டோபர் 7, திங்கள் – வெள்ளவத்தை

கட்டுநாயக்கவில் குடிவரவு மேசையில் இருந்த பெண் என் தொழில் என்ன என்று கேட்டார். எழுத்தாளன் என்றேன். என்ன எழுதுவீர்கள் என்றார். "பேய்க்கதை, கொலைக்கதை." முத்திரை பிடித்த கை அப்படியே நின்றது. "அதில் வருமானம் வருமா?" என்று கேட்டுவிட்டுக் குத்தினார். இருபது வருடமாக என் மாமனார் கேட்கும் கேள்வி.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு நாவல் எழுதுகிறவன் நான். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த வகை. 112 பக்கம். தலைப்பு முதலில், அட்டைப்படம் அடுத்து, கதை கடைசியில். போன மாத இதழின் பின்னட்டையில் 'அடுத்து வருவது' என்று விளம்பரம் வந்த பிறகுதான் என்ன எழுதுவது என்று யோசிக்கவே ஆரம்பிப்பேன். இந்த முறை தீபாவளிச் சிறப்பிதழ். கதை கொழும்பில் நடக்கிறது என்று பதிப்பாளர் முடிவு செய்துவிட்டார். அட்டையும் தயார்: கடலோரத் தண்டவாளம், தலைவிரி கோலமாக ஒரு பெண், பின்னால் விளக்கெரிய நிற்கும் ஒரு வெள்ளை வேன். கொழும்பில் கடலை ஒட்டி ரயில் ஓடுகிறது என்பது ஓவியருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. எண்பது பக்கம் எழுதிய பிறகு, பார்க்காத ஊரில் பிணத்தை எங்கே போடுவது என்று கை நின்றுவிட்டது. அதற்குத்தான் இந்தப் பயணம்.

தங்கியிருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு சந்தில், மாடி அறை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எழுபது தாண்டியிருக்கும். ஊரே அவரை 'ரீச்சர்' என்கிறது, நானும் அப்படியே. "வாங்கோ தம்பி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. பேய்க்கதை எழுதுறவர் எண்டு சொன்னவை. பாத்தால் பாங்கில வேலை செய்யிறவர் மாதிரியெல்லோ இருக்கிறியள்?"

இரவு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். நான் பாளையங்கோட்டைக்காரன். எங்களுக்குச் சொதி என்றால் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளைக்கு மரியாதை செய்ய வைப்பது. இங்கே அது திங்கட்கிழமைச் சாப்பாடு. எங்கள் சொதியைவிட நீர்த்திருந்தது, புளிப்பு ஒரு சொட்டு கூடுதல். பதினான்கு இடியப்பம் சாப்பிட்டேன். எண்ணியது நானல்ல, ரீச்சர்.

படுத்த பிறகு ரயில் போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஓவியர் வரைந்தது சரிதான்.

அக்டோபர் 8, செவ்வாய் – கனத்தை, மியூசியம்

பேய்க்கதைக்காரன் புது ஊரில் முதலில் விசாரிப்பது சுடுகாடு. கொழும்பில் அது பொரளைக் கனத்தை. காலி வீதியில் ஏறிய ஆட்டோவில் மீட்டர் இருந்தது, ஆனால் அன்று அதற்கு உடம்பு சரியில்லையாம். 1500 ரூபாய் கொடுத்தேன். நம் பணத்தில் நானூற்றுச் சொச்சம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாதி விலைக்கு வந்திருக்கலாம் என்று மாலையில் ரீச்சர் சொன்னபோது அந்தத் தேற்றல் போய்விட்டது.

கனத்தை நான் நினைத்த மாதிரி இல்லை. பெரிய மரங்கள், பெருக்கிய பாதைகள், வெள்ளைக் கல்லறைகள். வாசலில் பூ விற்ற அம்மாவிடம் இங்கே பேய் உண்டா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாய் இருக்கு. கடிக்கும்."

சிங்களவர்களுக்கு மகாசோனா என்று ஒரு சுடுகாட்டுப் பேய் உண்டு, கரடித் தலை. எங்கள் சுடலைமாடனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அவனைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கலாம் என்று, திரும்பும்போது கிடைத்த ஆட்டோக்காரரிடம் (இவர் மீட்டர் போட்டார், கொட்டாஞ்சேனைத் தமிழர்) ஆரம்பித்தேன். "இந்தச் சுடுகாட்டுல பயப்படுற மாதிரி ஏதாவது நடந்திருக்கா தம்பி?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்க இந்தியாவாண்ணே? 83 இங்கதான்ணே ஆரம்பிச்சது. நான் அப்ப பொறக்கல. அம்மா சொல்லும்."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1983 ஜூலை 24 அன்று, யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட 13 சிப்பாய்களின் உடல்களுக்காக இந்தக் கனத்தையில்தான் கூட்டம் காத்திருந்தது. பொழுது இருட்டியதும் இங்கிருந்து பொரளைக்கும் அங்கிருந்து நகரம் முழுவதற்கும் தமிழர்களுக்கு எதிரான கலவரத் தீ போனது. வெலிக்கடைச் சிறையும் பக்கத்தில்தான். அடுத்த சில நாட்களில் அதற்குள் 53 தமிழ்க் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஊரில் பள்ளிக்கூடத்தில் ஊர்வலம் விட்டார்கள், நானும் கத்திக்கொண்டு போன ஞாபகம். அந்தப் பெயர்களும் இந்த மரங்களும் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

குறிப்பேட்டில் 'கனத்தை – இரவுக் காட்சி – 9ஆம் அத்தியாயம்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

மதியம் தேசிய அருங்காட்சியகம். 1877இல் கட்டிய வெள்ளை மாளிகை. இங்கே எனக்குக் கொண்டாட்டம்தான். சன்னி யக்குகளின் முகமூடிகள்! மொத்தம் பதினெட்டு சன்னி, நோய்க்கு ஒரு பேய். குருடாக்க ஒன்று, செவிடாக்க ஒன்று, ஊமையாக்க ஒன்று, கட்டி வரவைக்க ஒன்று. நோய் வந்தால் அந்தப் பேயின் வேடம் கட்டி ஆடி, கேலி பேசி, காணிக்கை கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். என்ன ஒழுங்கான நிர்வாகம்! பதினெட்டு மாதத்துக்கு நாவல் தயார் என்று கணக்குப் போட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகமூடியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பக்கவாதத்தில் கிடந்த என் பெரியப்பாவின் வாய். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். செதுக்கியவன் பேயைப் பார்க்கவில்லை, நோயாளியைப் பார்த்திருக்கிறான்.

இரவு கொத்து ரொட்டி, கோழி போட்டது, 950 ரூபாய். இரண்டு தகடுகளால் கல்லில் கொத்தும் அந்தச் சத்தம் அரை மைல் கேட்கும். இந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒருவனைக் கொன்றால் யாருக்கும் கேட்காது. தொழில்புத்தி.

அக்டோபர் 9, புதன் – பம்பலப்பிட்டி, காலிமுகத்திடல்

இன்று நல்ல நாள், கெட்ட நாள் இரண்டும்.

காலையில் பம்பலப்பிட்டியில் சென் அல்பன்ஸ் பிளேஸ் என்ற தெருவைத் தேடிப் போனேன். குற்றக்கதை எழுதுகிறவர்களுக்கு அது திருத்தலம். மகாதேவ சதாசிவம் என்ற கிரிக்கெட் வீரர் குடும்பத்தோடு இருந்த தெரு. 1947இல் சேப்பாக்கத்தில் 215 ரன் அடித்தவர். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அந்த ஆட்டத்தைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். 1951இல் அவருடைய மனைவி அந்த வீட்டின் கார் கொட்டகையில் பிணமாகக் கிடந்தார். கழுத்துக்கு மேல் ஒரு மர உரல்.

வீட்டை நான் தேடவில்லை. யாரோ குடியிருக்கும் தெருவில் போய் நின்று கொலை நடந்த வீடு எது என்று கேட்பது அநாகரிகம். தெருவை ஒருமுறை நடந்துவிட்டு காலி வீதியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். பிளேன்டீ ஐம்பது ரூபாய், கூடவே ஒரு மீன் ரோல்ஸ். அடுத்த மேசையில் இரண்டு பெரியவர்கள். வந்த விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம்.

"இண்டைக்கு என்ன திகதி? ஒன்பதோ? அட, அதே நாளெல்லோ!"

உண்மைதான். அக்டோபர் 9. நான் திட்டமிட்டு வரவில்லை. கைமயிர் சிலிர்த்தது என்று எழுதினால் என் வாசகர்கள் நம்புவார்கள். உண்மையில் ரோல்ஸ் காரம் தலைக்கேறி இருமிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வழக்கு நடத்தினார்கள். ஒருவர் சதாவின் கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. எல்லாம் ஒரு கேள்வியில் நின்றது: அந்த அம்மா எத்தனை மணிக்கு இறந்தார்? சதாசிவம் காலை பத்தரை அளவில் டாக்ஸியில் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அதற்கு முன் என்றால் அவர், பின் என்றால் வேலைக்காரன் வில்லியம். அரசுத் தரப்பு வில்லியமுக்கு மன்னிப்புக் கொடுத்து சாட்சியாக்கியது. பிரேதப் பரிசோதனை செய்த பேராசிரியர் டி சேரம், உடல் எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்று தெரிந்துகொள்ள, தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் வெப்பம் அளந்து பார்த்தார். பிரதிவாதிக்கு வாதாடிய கொல்வின் ஆர் டி சில்வா, எடின்பரோவிலிருந்து சர் சிட்னி சிமித் என்ற தடயவியல் மேதையையே வரவழைத்துவிட்டார். 57 நாள் விசாரணை. 1953 ஜூனில் ஜூரிகள் ஒருமனதாக விடுதலை செய்தார்கள்.

"அப்ப கொண்டது ஆர்?" என்றார் எதிர்க்கட்சி.

"அதுதானே கேள்வி!" என்று மேசையில் தட்டினார் சதா கட்சி. தேநீர் கொட்டியது. கடைக்காரர் துணியோடு வந்தார், முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. இது வாரா வாரம் நடக்கும்போல.

என் நாவலில் இப்படி முடித்தால் பதிப்பாளர் என்னைக் கொன்றுவிடுவார். சதாசிவம் விடுதலை, வில்லியமுக்கு மன்னிப்பு, கழுத்தில் உரலோடு கிடந்தவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. 90ஆம் பக்கம் வரை பேய், 100ஆம் பக்கத்தில் அது பேய் இல்லை ஆள் என்று தெரியும், 112இல் கைவிலங்கு. 'நல்லவேளை, மனிதன்தான்' என்று வாசகர் மூச்சு விட்டுப் புத்தகத்தை மூட வேண்டும். எழுந்து போகும்போது என் பில்லையும் சேர்த்து அந்தப் பெரியவர்களே கொடுத்துவிட்டார்கள். மறுத்தேன். "நீங்கள் எங்கட விருந்தாளி" என்றதோடு பேச்சு முடிந்தது.

மாலை காலிமுகத்திடல். கடல் ஈயம் மாதிரி இருந்தது. இறால் வடை இருநூறு ரூபாய்: பருப்பு வடைமேல் முழு இறால் பதித்துப் பொரித்தது, மேலே வெங்காயமும் மிளகாயும். முதல் கடிக்கு முன் ஒரு காகம் வந்து இறாலை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனது. வடையைத் தொடவில்லை. பாட்டி கதையில் வரும் காகத்தைவிடக் கொழும்புக் காகம் வசதியானது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் மேற்கே கறுத்து வந்ததைக் கவனிக்கவில்லை. மழை தூறி ஆரம்பிக்கவில்லை, குடத்தோடு கவிழ்த்தது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது அந்தத் திடலில். பையில் எண்பது பக்கக் கையெழுத்துப் பிரதி, மைப்பேனாவில் எழுதியது.

அக்டோபர் 10, வியாழன் – வீட்டில், பிறகு செட்டியார் தெரு

காலையில் கீழே இறங்கினால் கூடத்தில் என் நாவல் கொடியில் தொங்குகிறது. துணி கிளிப் போட்டு, தாள் தாளாக, மின்விசிறிக்கு நேரே. ரீச்சர் மூக்குக்கண்ணாடியோடு நின்று வாசித்துக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பேனா.

"தம்பி, முதல் அத்தியாயத்திலயே பதினொரு சந்திப்பிழை."

வாசகர் கடிதம் ஆயிரம் பார்த்திருக்கிறேன், இப்படி வியர்த்ததில்லை. பாணும் பருப்பும் கட்டைச் சம்பலும் வைத்துவிட்டு அவர் வாசிப்புக்குப் போய்விட்டார். நான் பேருந்து ஏறிப் புறக்கோட்டைக்குத் தப்பினேன்.

செட்டியார் தெருவில் நகைக்கடைக்கு நகைக்கடை நவராத்திரி விளக்கு. கதிரேசன் கோயில்களில் ஒன்றில் கூட்டம், மற்றதில் நிழல், நிழலுக்குள் உட்கார்ந்தேன். பிறகு பூபாலசிங்கம் புத்தகசாலையில், பேய்க்கதைகள் போகிறதா என்று விசாரித்தேன். பக்கத்தில் புரட்டிக்கொண்டிருந்த ஒருவர், 1970களில் இந்தியச் சஞ்சிகைகளுக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில் வீரகேசரிப் பிரசுரங்களைப் போட்டி போட்டு வாங்கிய கதையைச் சொன்னார். மர்மக்கதைகளும் வாசித்தீர்களா என்றேன். "பிறகு பிறகு விட்டிட்டன்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. நடந்து நடந்து கால் கடுத்தது. வியர்வையில் சட்டை இரண்டு முறை நனைந்து இரண்டு முறை காய்ந்தது.

திரும்பி வந்தபோது தாள்கள் அடுக்கி மேசையில் இருந்தன. ரீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"கதை விறுவிறுப்புத்தான். ஒண்டு சொல்லுங்கோ. கடைசியில பேயோ, ஆளோ?"

"ஆள்தான் ரீச்சர். எப்பவும் ஆள்தான்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வெள்ளை வானை மட்டும் வேற நிறமாக்குவியளோ?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வெள்ளை வான் என்றதும் வானம் என்றுதான் காதில் விழுந்தது. வேனை இங்கே வான் என்பார்கள் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு மற்றதும் உறைத்தது. செய்தித்தாளில் படித்ததுதான்: யுத்த காலத்தில் இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வான்கள் வந்து நின்றதும், ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதும், போனவர்கள் திரும்பாததும். என் கதையில் அது 23ஆம் அத்தியாயத்தில் வருகிறது. கதாநாயகியின் தம்பியைத் தூக்கிப் போக. அட்டையில் இருந்தது என்பதால் எங்கேயாவது நுழைக்க வேண்டுமே என்று நுழைத்தேன்.

"அண்ணாட மகன். 2008இல. இந்த ஒழுங்கையின்ர முடிவில வைச்சுத்தான்" என்றார் ரீச்சர். கையால் காட்டவில்லை. "பேயெண்டு முடிச்சிருந்தியள் எண்டால் நித்திரை கொண்டிருப்பன்."

தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது, வேறு போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி – சரஸ்வதி பூசை

பதிப்பாளருக்குப் போன் போட்டேன். அட்டையை மாற்ற வேண்டும், வேன் வேண்டாம் என்றேன். ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது என்றார். காரணம் சொன்னேன். எதிர்முனையில் மவுனம். நல்ல மனிதர், ஆனால் காகித விலை அவருக்கு மனப்பாடம். "ஒண்ணு பண்ணலாம் சார். 'தீபாவளிச் சிறப்பிதழ்'னு வட்டமா ஒரு ஸ்டிக்கர் அடிச்சு வேன் மேல ஒட்டிரலாம். சக்கரம் மட்டும் தெரியும்."

சரி, உட்கார்ந்து 23ஐத் திருத்தி எழுதிவிடலாம் என்று தாள்களைத் தேடினால் காணோம். சாமியறையில், கும்பத்துக்குப் பக்கத்தில், திருக்குறளுக்கும் ஒரு பழைய பஞ்சாங்கத்துக்கும் நடுவில் என் நாவல். மேலே என் மைப்பேனா, அதன் மேல் குங்குமப் பொட்டு.

"இண்டைக்கு எழுதவும் கூடாது, வாசிக்கவும் கூடாது" என்றார் ரீச்சர். தலைவெட்டிய பிணம் ஆறு இருக்கிறது அதில் என்றேன். "சரஸ்வதி எத்தினையோ பாத்திருப்பா."

ஆகவே வேலையில்லாத ஒரு நாள். சர்க்கரை போட்ட அவலும் அவித்த கடலையும் தின்றுகொண்டு, வந்து போன அயலவர்களுக்கு 'இந்தியாவில இருந்து வந்த எழுத்தாளர்' என்று காட்சிப் பொருளாக உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுவீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ரீச்சரே முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "நாவல்." அதற்கு மேல் விளக்கவில்லை. மாலையில் மறுபடி மழை. சந்தின் முடிவு வரை ஒரு குடையோடு நடந்து போனேன். தண்டவாளம், அதற்கு அப்பால் கடல், ஒரு பூட்டிய கடை, சைக்கிளில் போன ஒரு பையன். குறிப்பேடு கொண்டுபோகவில்லை.

அக்டோபர் 12, சனி – விஜயதசமி

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வயது. ஏடு தொடக்க வேண்டும். வருவதாகச் சொன்ன ஐயர் வரவில்லை. இன்று அவருக்கு எத்தனை வீடோ. ரீச்சர் என்னைப் பார்த்தார்.

"நானா? ரீச்சர், இந்தக் கை எழுதுறது..."

"சந்திப்பிழை விடாமல் 'அ' எழுதுவியள்தானே? வாங்கோ."

தட்டில் பச்சரிசி. பிள்ளையை மடியில் வைத்து விரலைப் பிடித்தேன். குளிக்கவார்த்த ஈரம் இன்னும் காயவில்லை. அது விரலை மடக்கிக்கொண்டு தரமாட்டேன் என்றது. ஒரு கற்கண்டு போனது, இன்னொன்றும் போனது. மூன்றாவதற்கு விரல் நீண்டது. 'அ' கோணலாக வந்தது, பிழை என் பக்கம்தான். அம்மாக்காரி வெற்றிலையில் நூறு ரூபாய்த் தாள் வைத்துத் தட்சணை தந்தாள். இந்த வருடம் எழுத்துக்கு முன்பணமாகக் கையில் வந்த முதல் காசு.

கிளம்பும்போது ரீச்சர் தாள்களைப் பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார். பருத்தித்துறை வடை ஒரு பொதி, அதற்குமேல் ஒரு பொதி, வீட்டுக்கு.

விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். உட்கார்ந்து பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை. ஒற்று, ஒருமை பன்மை, 'கருப்பு' எல்லாம் 'கறுப்பு', ஓரிடத்தில் ஓரத்தில் 'இவ்வளவு இரத்தம் ஓர் உடம்பில் இராது' என்றுகூட. 22ஆம் அத்தியாயம் வரை அப்படி. 24இலிருந்து மறுபடி. நடுவில் வான் வந்து நிற்கும் அந்த மூன்று பக்கத்திலும் சிவப்பு ஒரு புள்ளி கிடையாது. பிழை இல்லாமல் இல்லை. முதல் வரியிலேயே 'கதவை திறந்து' என்று எழுதியிருந்தேன்.